மெஷினுக்கு இருக்கும் வடிகட்டி: ஊவாத் தோட்டங்களில் வொஷிங் மெஷின் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது?

தண்ணீர் எடுக்கவில்லை, அல்லது எடுத்த தண்ணீரை வெளியே விடவில்லை. பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வொஷிங் மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் விசாரித்தால் இந்த இரண்டில் ஒரு முறைப்பாடாவது வந்துவிடும். மெஷின் பழுதாகிவிட்டது என்று பயந்து நகரத்திலிருந்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர் மெஷினின் பின்பக்கக் குழாயைக் கழற்றி, விரல்நுனி அளவு வலையொன்றைக் குறட்டால் இழுத்தெடுத்து, கழுவித் திரும்பப் போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிறார். பத்து நிமிட வேலை. அந்த வலையில் இருந்தது பெரும்பாலும் செம்மண்ணும் மணலும் மக்கிப்போன இலைத்துகளும்தான்.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோட்டத்து வீட்டுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் விலை அதிகம். நகரத்திலிருந்து மேட்டு லயத்துக்கு வர முச்சக்கர வண்டிக் கூலியும் கொடுக்க வேண்டும். 1,700 ரூபா நாட்சம்பளம் கேட்டு நடந்த நீண்ட இழுபறியின் பின் 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளமாக 1,350 ரூபாதான் தீர்மானமானது. கொழுந்து குறைந்து அரை நாள் பேர் மட்டும் விழும் நாட்களும் உண்டு. இப்படியான வருமானத்தில் ஒரு வலையைக் கழுவ ஒரு நாட்சம்பளம் போவது சின்ன விடயம் இல்லை. அதுவும் மெஷினே தவணை முறையில் வாங்கியதாக இருந்தால், கட்டி முடிக்காத பொருளுக்குத் திருத்தச் செலவும் சேர்கிறது.

தோட்டத்துக்கு எதற்கு வொஷிங் மெஷின் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரத்துக் கடையில் நின்று இதைச் சொல்லிச் சிரித்தவர்களையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பீலிக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு நாளும் மலையில் நின்ற பெண், கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் வீட்டிலுள்ள அத்தனை பேரின் துணியையும் கல்லில் அடித்துத் துவைக்கிறாள். மலைக்கு உடுத்திப்போன துணியில் சேறும் தேயிலைச் சாயமும் இருக்கும். ஹப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் போர்வையும் கம்பளிச் சட்டையும் வேறு. நனைந்த போர்வை எவ்வளவு பாரம் என்பது அதைப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010 டிசெம்பரில் ஆற்றிய உரையொன்றில், தன் வீட்டுக்கு முதல் வொஷிங் மெஷின் வந்த நாளில் பாட்டி அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, துணி துவைந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். அம்மாவுக்கு மிச்சமான நேரத்தில்தான் தன்னை நூலகத்துக்கு அழைத்துப் போனார் என்றும் சொன்னார். அப்போது உலகில் இருந்த 700 கோடிப் பேரில் சுமார் 200 கோடிப் பேருக்குத்தான் இந்த வசதி இருந்தது என்பது அவருடைய கணக்கு. கொழும்பில் கடை வேலை செய்யும் மகனோ, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மகளோ, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த அம்மாவோ சேர்த்த காசில் லயன் காம்பராவின் பின்பக்கம் வந்து நிற்கும் மெஷினையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அது நின்றால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பீலிக்கரைக்குப் போய்விடும்.

ஆகவே விடயத்துக்கு வருவோம். எந்த மெஷினில் எந்த வடிகட்டி இருக்கிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். கடைக்காரர் சொல்லித் தருவதில்லை. பாவனைக் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். (வளைகுடா நாட்டு வீடுகளில் வேலை செய்து திரும்பிய பெண்களுக்கு இந்த விடயத்தில், விற்பவர்களைவிட அனுபவம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.) துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் இரட்டைத் தொட்டி மெஷினில் துவைக்கும் தொட்டியின் உட்சுவரில் பஞ்சு பிடிக்கும் வலைப்பை அல்லது வலைப்பெட்டி ஒன்று இருக்கும். மேலே மூடி திறக்கும் முழுத் தானியங்கி மெஷினில் அந்தப் பஞ்சு வலையுடன், பின்பக்கம் தண்ணீர்க் குழாய் பொருந்தும் இடத்தில் இன்னொரு சிறு வலையும் உண்டு. முன்பக்கம் வட்டக் கதவு உள்ள மெஷினில் பஞ்சு வலை கிடையாது. அதற்குப் பதிலாகக் கீழ் மூலையில், சின்ன மூடிக்குப் பின்னால், பம்ப் பில்டர் இருக்கும். பின்பக்கத்துச் சிறு வலை அதற்கும் உண்டு.

தோட்டத்தில் முதலில் அடைபடுவது இந்தப் பின்பக்கச் சிறு வலைதான். காரணம் தண்ணீர் வரும் வழி. பல தோட்டங்களில் மலை உச்சியிலோ காட்டோரத்திலோ உள்ள ஊற்றை மறித்து ஒரு சீமெந்துத் தொட்டி கட்டியிருப்பார்கள். அதிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் லயத்துக்கு மேலேயுள்ள தாங்கிக்கு வந்து, அங்கிருந்து பைப்புகளுக்குப் பிரியும். பம்ப் கிடையாது, சரிவுதான் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மணலை அடைய வைத்து வடிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத இடங்கள்தான் அதிகம். மழை பெய்தால் பைப்பில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வருவதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இன்னொரு பிரச்சினை அழுத்தம். தண்ணீர்த் தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். பல தானியங்கி மெஷின்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது தாங்கி மெஷினைவிட மூன்று முதல் ஐந்து மீற்றராவது மேலே இருக்க வேண்டும். தாங்கி மேட்டில் இருக்கும் லயத்துக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் தண்ணீர் விட்டு விட்டு வருவதால் பலர் கூரை மட்டத்தில் சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்து அதிலிருந்து குழாய் எடுக்கிறார்கள். அந்த உயரம் மட்டுமட்டானது. வலை பாதி அடைபட்டாலே போதும், மெஷின் தண்ணீர் நிரம்பும் வரை காத்திருந்து, நேரம் கடந்ததும் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். எல்ஜி மெஷினில் அது ‘ஐஈ’, சாம்சங்கில் ‘4சி’ அல்லது ‘4ஈ’. இந்தக் குறியைக் கண்டால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வலையைப் பாருங்கள்.

அதைக் கழுவுவது சுலபம். பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பைப்பை மூடுங்கள். மெஷினின் பின்னால் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மரையைக் கையால் இடப்பக்கம் திருகினால் கழரும். குழாய்க்குள் நின்ற தண்ணீர் கொட்டும், ஒரு பேசினைக் கீழே வையுங்கள். மெஷின் பக்கத்துத் துவாரத்துக்குள் பார்த்தால் வலையின் நடுவில் பிடித்திழுக்க ஒரு சிறு முனை தெரியும். குறட்டால் மெதுவாக நேரே இழுக்க வேண்டும், முறுக்கக் கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, வந்த வழியே உள்ளே தள்ளுங்கள். குழாயின் பைப் பக்க முனையிலும் சில வேளை இன்னொரு வலை இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது இறப்பர் வளையம் மடிந்துவிடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

அடிக்கடி கழுவுவது தொல்லை என்று சிலர் அந்த வலையையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் அன்றைக்கு நன்றாகத்தான் வரும். சில மாதத்தில் மணல் உள்ளே போய், தண்ணீரைத் திறந்து மூடும் வால்வின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் வால்வு முழுதாக மூடாது. மெஷின் ஓடாத நேரத்திலும் தொட்டிக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி நிரம்பி, ஒரு நாள் காலையில் காம்பராவுக்குள் வழிந்து கிடக்கும். வலை கழுவச் செலவில்லை. வால்வு புதிதாக வாங்கத்தான் வேண்டும். வலையை எறிவதைவிட அதற்கு வேலையைக் குறைப்பதுதான் புத்தி. சொந்தத் தாங்கி வைத்திருப்பவர்கள் வெளியே போகும் குழாயை அடியிலிருந்து ஐந்தாறு அங்குலம் மேலே பூட்டினால் படிந்த மண் அடியிலேயே நிற்கும். அடியில் தனியாக ஒரு கழுவும் பைப் வைத்து இடைக்கிடை திறந்துவிடலாம். மெஷினைப் போடுவதற்கு முன் பைப்பைத் திறந்து, கலங்கல் தெளியும் வரை வாளியில் பிடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும். பைப் வாயில் வெள்ளைத் துணி கட்டும் வழக்கம் நம் வீடுகளில் பழையது. அதே வேலையை, மெஷினுக்குப் போகும் குழாயின் இடையில் பூட்டும் சிறிய மண் பில்டர் ஒன்று செய்யும். வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை கழுவ வேண்டும்? மாதம் ஒரு முறை என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் ஊவாவுக்கு வேறு கணக்குத் தேவை. எங்களுக்குப் பெரு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடும் மழைக்குப் பின் உடனேயும் பார்ப்பது நல்லது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காய்ச்சலான காலம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசனை வருவது இந்தக் காலத்தில்தான். ஊற்று வற்றுவதும் இதே காலத்தில்தான். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க, குழாய் அடியில் கிடக்கும் சேற்றையும் சேர்த்து இழுக்கும். மழையில்லாத காலத்தில் வலை ஏன் அடைபடுகிறது என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பலர் வினாகிரி ஊற்றுகிறார்கள். அது சுண்ணாம்புப் படிவைக் கரைப்பதற்கு. மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்களுக்கு அந்தப் படிவு உண்மையான பிரச்சினை. மேட்டுத் தோட்டங்களின் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. இங்கே எதிரி மண். மண்ணை வினாகிரி கரைக்காது.

பஞ்சு வலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒவ்வொரு முறை துவைத்த பின்னும் வெளியே எடுத்து, உட்புறத்தைப் புரட்டி, பஞ்சை எடுத்துவிட வேண்டும். கம்பளியும் போர்வையும் போட்ட அன்றைக்கு ஒரு கைப்பிடி வரும். வலை கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள், கிழிந்த வலை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். எடுத்த பஞ்சைக் கானில் போடாமல் குப்பையில் போடுங்கள். செயற்கை நூல் துணிகளிலிருந்து வரும் பஞ்சு பிளாஸ்டிக்தான். லயத்துக் கான் ஓடையில் விழுகிறது, பதுளைப் பக்கத்து ஓடைகள் பதுளு ஓயா வழியாக மகாவலிக்குப் போகின்றன. புதிய வொஷிங் மெஷின்களில் இந்த நுண்ணிழையைப் பிடிக்கும் பில்டர் 2025 முதல் கட்டாயம் என்று பிரான்ஸ் 2020 இலேயே சட்டம் எழுதியது. நமக்கு இப்போதைக்குக் கையால் எடுப்பதுதான் வழி.

முன்கதவு மெஷினின் பம்ப் பில்டர்தான் ஆட்களைப் பயமுறுத்துவது. ‘ஓஈ’ (எல்ஜி), ‘5சி’ அல்லது ‘5ஈ’ (சாம்சங்) என்று காட்டி, உள்ளே தண்ணீரும் துணியுமாக மெஷின் நின்றால் பெரும்பாலும் இதுதான். பிளக்கைக் கழற்றி, பைப்பை மூடி, சுடுதண்ணீரில் போட்டிருந்தால் ஆறவிடுங்கள். கீழ் மூடியை ஒரு நாணயத்தால் நெம்பித் திறந்தால் பல மெஷின்களில் விரல் தடிப்பில் ஒரு சிறு குழாய் தெரியும். அதை வெளியே இழுத்து, தட்டையான பாத்திரத்தில் முனையை வைத்து அடைப்பானைக் கழற்றுங்கள். பல லீற்றர் தண்ணீர் வரும். பாத்திரம் நிறைந்ததும் அடைத்து, ஊற்றிவிட்டு, மறுபடி திறக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் நேரே பில்டரைத் திருகினால் அத்தனை தண்ணீரும் தரையில்தான். தண்ணீர் நின்ற பின் பெரிய குமிழை இடப்பக்கம் மெதுவாகத் திருகி இழுங்கள்.

உள்ளே என்ன இருக்கும்? சில்லறைக் காசு, ஊக்கு, தலைமயிர்ப் பந்து, உள்ளாடைக் கம்பி, பாடசாலைச் சட்டைப் பொத்தான், பாக்குத் துண்டு. மலைக்கு உடுத்திய துணியென்றால் தேயிலை இலையும் குச்சியும். பில்டர் இருந்த குழிக்குள் விரலை விட்டால் சிறு விசிறி தட்டுப்படும். அதில் மயிர் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். கையால் சுற்றும்போது அது விட்டு விட்டு, தடங்கித் தடங்கித்தான் சுற்றும். பல பம்புகளில் உள்ளே இருக்கும் காந்தத்தால் அப்படி. பழுதென்று நினைத்து இதற்காகவே புதுப் பம்ப் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். குமிழின் இறப்பர் வளையத்தைத் துடைத்து, மரை நேராகப் பிடிக்கும்படி வலப்பக்கம் திருகிப் பூட்டி, சிறு குழாயை அடைத்து உள்ளே தள்ளுங்கள். பிறகு துணியில்லாமல் ஒரு முறை அலச விட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள். மலைக்குக் கட்டும் படங்கை ஒருபோதும் மெஷினில் போடாதீர்கள். மற்ற மலைத்துணிகளை வெளியே நன்றாக உதறி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுப் போட்டால் இந்த வேலையில் பாதி குறையும்.

இடையில் ஒன்று. லயன் காம்பராக்களில் பல வயரிங் பழையது, ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்கு இழுத்ததும் உண்டு. ஈரத் தரையில் நின்று மெஷினைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால் பில்டரை மறந்துவிடுங்கள், எர்த் வயர் சரியில்லை என்று அர்த்தம். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் மெஷின் ஓட்டவே வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் பதுளை மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பின் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: சேறு புகுந்த மெஷினை என்ன செய்வது? ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூடப் பிளக்கைக் குத்த வேண்டாம். மோட்டாரும் மின்பலகையும் நனைந்திருந்தால் அந்த ஒரு முறையிலேயே எரிந்துவிடும், ஆளுக்கும் ஆபத்து. பில்டர் கழுவுவதால் அது சரியாகாது, திறந்து காய வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் வேண்டும். சேறு மெஷினுக்குள் போகாமல் தண்ணீர்க் குழாய் மட்டும் உடைந்து சீராக்கப்பட்ட இடங்களில், புதுக் குழாயில் வரும் முதல் சில நாள் தண்ணீரை மெஷினுக்கு விடாமல் இருந்தாலே போதும்.

இவ்வளவும் மெஷினைப் பற்றி. ஆனால் அந்த வலையைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் இன்னொரு விடயம் தட்டுப்படாமல் போகாது. ஊற்றிலிருந்து வீடு வரை அந்தத் தண்ணீர் கடந்து வந்த வழியில் இருந்த ஒரே வடிகட்டி அதுதான், அதையும் வைத்தது மெஷின் செய்த கம்பனி. அதே பைப்பில் பிடித்த தண்ணீரைத்தான் பிள்ளைகள் பாடசாலைக்குப் போத்தலில் கொண்டு போகிறார்கள். வலை பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் மண்ணை மட்டும்தான். ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருந்தால் அங்கே போட்ட உரமும் அடித்த மருந்தும், மாடு மேய்ந்தால் அதன் கழிவும் எந்த வலையிலும் சிக்காது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது.

இது யாருடைய பொறுப்பு என்பதில்தான் தோட்டம் எப்போதும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. தண்ணீர் உட்பட எல்லாவற்றுக்கும் துரையிடம் போய் நிற்பது அதற்கு முன்பும் பின்பும் மாறவில்லை. பிரதேச சபையோ தோட்டக் காணிக்குள் செலவு செய்யச் சட்டம் இடமில்லை என்று சொல்லிவந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபைதான் அதுவும். 2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. ஆகவே சட்டத்தில் இடமில்லை என்ற பதில் இனிச் செல்லாது. நிதி இல்லை என்று சொல்லலாம், அது வேறு வாதம்.

ஊற்றுக்கள் நிரந்தரமானவையும் அல்ல. உமா ஓயாத் திட்டத்துக்காக பண்டாரவளைப் பகுதியில் மலையைக் குடைந்த 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்துக்குள் 2014 டிசெம்பரில் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதியும் வந்திருந்து திட்டத்தைத் திறந்து வைத்தார்கள். 120 மெகாவொட் மின்சாரம் என்று செய்தி போட்டோம். ஊற்றை இழந்த இடங்களுக்குத் தண்ணீர் பவுசரில் வந்த ஆண்டுகளும் இந்தக் கதையில் அடக்கம்.

மேலே தொட்டியில் செய்யக்கூடியது பெரிய வேலையும் இல்லை. ஊற்றுத் தொட்டிக்கு அடுத்ததாக இன்னொரு சிறு தொட்டி கட்டி, அதில் கல், சரளை, மணல் என்று அடுக்கி, தண்ணீரை அதன் வழியே மெதுவாக இறங்க விட்டால் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, மாடு வராமலும், அதற்கு மேல் மலையில் மருந்து அடிக்காமலும் பார்க்க வேண்டும். மணலின் மேற்படையை இடைக்கிடை வழித்துக் கழுவ ஒருவருக்கு நாட்பேர் போட வேண்டும், நிர்வாகத்தோடு பேச வேண்டிய இடம் இதுதான். தோட்டத் தலைவரோ பிரதேச சபை உறுப்பினரோ அடுத்த முறை வந்தால் இரவே ஒரு கண்ணாடிப் போத்தலில் பைப்புத் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு மேலேயுள்ள தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் கேட்டால் கழுவுவதற்கு நேரம் இருக்கும்.